ரேவதிக்கு யார் பிரசன்ட் சொன்னது?

பி.யூ.சி. முடித்த கோடையில், கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் பயிற்சி வகுப்புக்கு ஜோகுபாளையத்திலிருந்து போய்வந்தேன். வராதவர்களுக்கு மற்றவர்கள் ‘பிரசன்ட்’ சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். ரேவதி என்றொரு பெயருக்கு, வகுப்பின் பின்பக்கமிருந்து தினமும் மெல்லிய குரல் வரும். அவளை நான் பார்த்ததே இல்லை. கடைசி வரிசை ஷீலாதான் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

கடைசி நாள் சான்றிதழ் கொடுக்கும்போது சார், “ரேவதி, பாம்மா” என்று கன்னடத்தில் கூப்பிட்டார். “பிரசன்ட்” என்று குரல் வந்தது. ஆள் வரவில்லை.

ஷீலாவிடம் போய், “நீதானே டெய்லி அவளுக்குச் சொல்றே?” என்றேன்.

“நான் இல்லடி. எனக்கும் பின்னாலருந்துதான் கேக்கும்.”

அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

இப்போது காய்ச்சல் அடித்தாலும் கல்லூரிக்குப் போய்விடுகிறேன். நான் இல்லாத வகுப்பில் என் பெயருக்கு யார் பதில் சொல்வார்களோ.