வெர்லீன் அறுத்தெடுத்த அட்டை

வெர்லீன் டப்ஸுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மில்வாக்கியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். வேலையை விட்ட பிறகும் நின்றுகொண்டுதான் காபி குடிப்பாள், நின்றுகொண்டுதான் ஜெபம் செய்வாள். அவளுடைய தம்பி ஓடெல் பத்தொன்பது வருஷமாகச் சிறையில் இருக்கிறான். அவன் செய்தது தப்பு என்பதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. கொடுத்த தண்டனை அந்தத் தப்பைவிடப் பெரிது என்பதையும் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவாள். கேட்பவர்கள் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

வாரம் இரண்டு நாள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவளும் அவள் சிநேகிதி ஓபலீனும் கைதிகளுக்குப் புத்தகம் கட்டி அனுப்புவார்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைச் சிறை வாங்காது. அட்டைக்குள் எதையாவது ஒளித்து வைத்திருப்பார்களாம். அதனால் வெர்லீன் முதல் வேலையாகக் கத்தியை எடுத்து அட்டையை அறுத்துவிடுவாள். நாட்டைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் எழுதிய பெரிய மனிதர்களின் படமெல்லாம் அட்டையோடு கழன்று வந்துவிடும். அந்த முகங்களை வீட்டில் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த வசந்தத்தில் ஓடெலுக்கு ஒரு நல்லது நடந்தது. மனுமேல் மனுவாகப் போட்டு, பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் படித்துப் பேசுவதற்கு அனுமதி வாங்கிவிட்டான். பேராசிரியர் லெமுவல் ஸ்டாக்டனின் புதுப் புத்தகம். வானொலியில் அவர் பேசியதைக் கேட்டே அதைத் தேர்ந்தெடுத்தான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் புத்தகம் சிறைக்கு வந்து சேராவிட்டால் அனுமதி ரத்து. மறுபடி முதலிலிருந்து மனு.

புத்தகமோ இன்னும் கடைகளுக்கே வரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அவர் தேவாலயத்தில் பேச வந்தபோது முப்பது பிரதிகள் கூடவே வந்தன. வெர்லீன் பேச்சு தொடங்குமுன்பே முதல் ஆளாக ஒன்றை வாங்கி, அட்டையை அறுத்து, கையில் வைத்துக்கொண்டாள். பேச்சு முடிந்ததும் நேரே தபால் நிலையத்துக்கு ஓட வேண்டும் என்று கணக்கு.

பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். கைதிகளை மக்கள்தொகைக் கணக்கில் சிறை இருக்கும் ஊரோடு சேர்த்துக்கொள்கிறார்கள், அதைக் காட்டி அந்த ஊர்க்காரர்கள் கூடுதல் அரசியல் பலம் பெறுகிறார்கள், அந்தக் கைதிகளுக்கோ ஓட்டு இல்லை என்றார். சபை ஆமென் போட்டது. வெர்லீன் சுவர் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

முடிந்ததும் ஓபலீன் அவளை இழுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினாள். "உன் தம்பியப் பத்திச் சொல்லுடி, மனுஷன் சந்தோஷப்படுவாரு!"

வெர்லீன் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் அவள் கையிலிருந்த புத்தகத்தை அன்போடு வாங்கினார், முதல் பக்கத்தைத் திருப்பினார், பேனாவால் பெரிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஐயோ சார்! கைய எடுங்க!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"அடியே, இவர் கையெழுத்துக்கு ஊரே வரிசையில நின்னுச்சு. நீ ஒருத்திதான் அலறுற" என்றாள் ஓபலீன்.

"இது என் தம்பிக்குச் சிறைக்குப் போற புத்தகம் சார். உள்ள ஒரு எழுத்து கையால எழுதியிருந்தாலும் ரகசியச் சேதின்னு திருப்பி அனுப்பிருவாங்க."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டா?" என்றார் பேராசிரியர்.

"எண்ணுவாங்க. பக்கம் எண்ணுறதுக்குன்னே அங்க ஒருத்தன் சம்பளம் வாங்குறான். ஒரு மணி நேரமா கைதிங்களப் பத்திப் பேசுனீங்களே, உள்ள ஒரு புத்தகம் எப்படிப் போகுதுன்னு யாரும் சொல்லலையா?"

"இல்லம்மா. யாரும் சொல்லல" என்றார் அவர். முகம் சுருங்கிப்போயிருந்தது.

மற்ற இருபத்தொன்பதும் பேச்சுக்கு முன்பே விற்றுப்போயிருந்தன. எல்லாவற்றிலும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். வெர்லீனின் கண் மேடையில் கிடந்த ஒரு பிரதியில் போய் நின்றது.

"அது?"

"அது நான் பேசுறப்ப வச்சுக்கறது. ஓரமெல்லாம் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்."

"பென்சில்தானே?"

ஞாயிறு பள்ளி அலமாரியிலிருந்து இரண்டு அழிரப்பர் எடுத்து வந்து, ஒன்றை அவர் கையில் வைத்தாள். அட்டையை ஒரே இழுப்பில் அறுத்தாள். புத்தகத்தைக் கீழ்த்தள மேசையில் விரித்துப் போட்டு, இந்தப் பக்கம் அவளும் எதிர்ப்பக்கம் அவருமாகத் தேய்த்தார்கள். அன்றைக்குத்தான் வெர்லீன் முழுசாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததை ஓபலீன் பார்த்தாள். அப்போதும் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மேலே அவருக்காகப் பொரித்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. பாஸ்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இது நல்ல யோசனை. அடுத்த பதிப்புல சேக்கணும்னு இருந்தேன்" என்று ஒரு பக்கத்தில் கையை நிறுத்தினார்.

"மனசுல வச்சுக்கோங்க. தேய்ங்க."

தேய்த்தார். சில இடத்தில் அவர் தேய்ப்பது பட்டும் படாமலும் இருந்ததை அவள் கவனித்தாள். சொல்ல நேரமில்லை. தபால் நிலையம் ஐந்து மணிக்குச் சாத்திவிடும். பத்து நிமிஷம் இருக்கும்போது பொட்டலத்தை உள்ளே தள்ளினாள்.

அதற்குப் பிறகு அவளை வீட்டில் பிடிக்க முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். வெள்ளி போனது. ஓடெல் கூப்பிடவில்லை. பன்னிரண்டு பேரும் புத்தகத்தைப் பேசும் கூட்டம் திங்கட்கிழமை. அன்றும் தொலைபேசி அடிக்கவில்லை. "அந்தாளு ஒழுங்காத் தேய்க்கல, எனக்கு அப்பவே தெரியும்" என்று ஓபலீனிடம் எரிந்து விழுந்தாள்.

செவ்வாய் சாயங்காலம் அடித்தது. சிறையிலிருந்து அழைப்பு, பதினைந்து நிமிடம் என்று இயந்திரக் குரல் சொல்லி முடிப்பதற்குள் கத்தினாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. வியாழக்கிழமையே வந்துச்சு. அப்புறம் எல்லாரையும் அறைக்குள்ள பூட்டிப் போட்டுட்டானுங்க, நேத்துக் காலையிலதான் திறந்தானுங்க, போன் இன்னிக்குத்தான் விட்டானுங்க. ஆனா கூட்டம் நடந்துச்சு! அக்கா, அந்தப் புத்தகத்துல பென்சில்ல எழுதுனது யாரு?"

வெர்லீன் குரலைத் தாழ்த்தினாள். "அதிகாரிங்க யாராவது பாத்துட்டாங்களா?"

"ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாத்தான் தெரியுது. அறுபத்திநாலாம் பக்கம். உள்ள இருக்கறவன் நாளாக ஆக அரசியலையே மறந்துடுறான்னு அச்சுல இருக்கு. பக்கத்துல, 'எனக்கு எப்படித் தெரியும்?'னு யாரோ எழுதியிருக்காங்க. ரெண்டு மணி நேரமும் அதே பேச்சுதான். ஒருத்தனும் வேற பக்கம் திருப்ப விடல."

"எழுதுனது அந்தப் பேராசிரியரேதான்டா."

"அவரேவா? அப்ப எழுதிக்கக்கா. பன்னெண்டு பேரும் சேந்து சொல்ற பதில்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். காகிதம் அகப்படவில்லை. பெட்டியின் மேலே பேராசிரியரின் அட்டை கிடந்தது. படத்தைக் கீழே கவிழ்த்து, வெள்ளையான உள்பக்கத்தில் பென்சிலை வைத்தாள்.

"சொல்லு."

"நாங்க மறக்கல. உங்களுக்கு எப்பவாவது ஒரு நாள்தான் தேர்தல். எங்களுக்கு ஒரு சோப்புக்கட்டிக்கும் மனு எழுதணும், ஆள் சேக்கணும், எவன் நம்ம பக்கம்னு எண்ணணும். தெனமும் இதான் பொழப்பு. இதுக்கு வேற பேர் இருந்தா எழுதி அனுப்புங்க. இப்ப பேரெல்லாம் எழுதிக்கோ..."

ஒரு நிமிடம் இருக்கிறது என்றது இயந்திரம். ஓடெல் வேக வேகமாகச் சொன்னான். ஒன்பதாவது பேரில் தொடர்பு அறுந்தது.

"ஒம்போது போதாதா? அனுப்பிரு" என்றாள் மறுநாள் ஓபலீன்.

"பன்னெண்டு பேர் சொன்னாங்க" என்றாள் வெர்லீன்.

அன்று சாயங்காலம், அட்டையை ஒரு கையிலும் பென்சிலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.