காற்று நின்ற அரை மணி நேரம்

துறைமுகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. கூண்டுக்காரர் என்றால்தான் தெரியும். கடலுக்குள் நீண்டு கிடக்கும் அலைத்தடுப்புச் சுவரின் முனையில் ஒரு கொடிமரம், அதன் அடியில் பத்துக்குப் பத்து அறை. வானிலை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் எண் வரும். அந்த எண்ணுக்குரிய புயல் கூண்டைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றுவார். முப்பத்தொரு வருடம் இதுதான் வேலை.

ஊருக்கு வந்த புயல்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல அடையாளம் வைத்திருந்தார். கிடங்குக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது ஒன்று. நிலக்கரிக் கப்பலைக் கரைமேல் உட்காரவைத்தது ஒன்று. பத்தாம் எண் ஏற்றவைத்து, ஊரையே மேட்டுக்கு ஓடவிட்டு, தூறல்கூடப் போடாமல் வேறு பக்கம் நழுவியது இன்னொன்று. அதற்காகக் கடைத்தெருவில் ஒரு மாதம் இவர் தலைதான் உருண்டது. ஆனால் முதல் பதினைந்து வருடம் வந்ததெல்லாம் ஊரை உரசியோ விலகியோ போனவை. நடுவில் புகுந்தது ஒன்றுகூட இல்லை.

புயலன்று அவர் அறையை விட்டு நகரக் கூடாது. "காத்து நின்னதும் சாப்பாடு எடுத்துட்டு வா. அதுவரைக்கும் வாசப்படி தாண்டாத" என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லிவைத்தார்.

"நான் வரும்போது நீங்க இருப்பீங்களா, இல்ல கூண்டோட போயிருப்பீங்களா?" என்பாள் அவள். ஆனாலும் காற்று அடங்கியதும் தூக்குச்சட்டியும் உலர்ந்த சட்டையுமாக வந்து நிற்பாள். ஏழு புயலுக்கு அப்படி வந்தாள்.

எட்டாவது நேராக ஊர்மேலேயே ஏறியது. காலை பத்து மணிக்குக் கயிறு அறுந்தது, ஜன்னல் போயிற்று. பதினொன்றேகாலுக்குக் காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. கூண்டுக்காரர் பாய்ந்து தொலைபேசியை எடுத்தார். இது புயலின் கண், அரை மணியில் எதிர்ப்பக்கத்துக் காற்று வரும் என்று துறைமுகத்தில் புதிதாகச் சேர்ந்த அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவர் அவர். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. பாவி மனிதர்!

தொலைபேசி செத்துக் கிடந்தது. கல்லும் மண்ணும் அடைத்த கதவை இருபது நிமிடம் போராடித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், சுவரின் பாதித் தூரத்தில் அவள் வந்துகொண்டிருந்தாள்.

"திரும்பிப் போ! ஓடு!" என்று கையை வீசிக் கத்தினார். அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பதிலுக்கு அவளும் கையாட்டினாள். அவர் ஓடினார். நூறடி இருக்கும்போது காற்று மறுபக்கத்திலிருந்து வந்தது. கூடவே கடலும் சுவரைத் தாண்டியது. அவர் கைக்கு இரும்புக் கம்பி அகப்பட்டது. அவளுக்கு எதுவும் அகப்படவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள், "அவசரப்பட்டுட்டாளே! புயல் முடியறதுக்குள்ள யாராவது வெளிய போவாங்களா?" என்றார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காத வாய் அப்படியே பூட்டிக்கொண்டது. பதினாறு வருடம் பழி செத்தவள் தலையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சாப்பிட்டார், தூங்கினார், கூண்டு ஏற்றினார்.

ஓய்வு பெற்ற வாரம், ஊரின் புயல் வரலாற்றை எழுதித் தரும்படி துறைமுக அலுவலகத்தில் கேட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அம்மா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டாவது புயல் வந்ததும் அவர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"உங்கம்மா அவசரப்படலம்மா. காத்து நின்னா வரச் சொன்னதே நான்தான்."

மகள் பேனாவை மூடினாள். "தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"நானும் வரேன்னு அன்னிக்கு அடம்பிடிச்சேன். 'காத்து நின்னா வரச் சொல்லியிருக்காருடி, மனுஷன் பசியோட இருப்பாரு'ன்னு சொல்லிட்டுத்தான் அம்மா போனாங்க."

"அப்புறம் ஏன்... ஒரு வார்த்தை நீ கேக்கல?"

"அத்தை, சித்தின்னு ஒவ்வொருத்தரா அம்மாவைத் திட்டும்போதெல்லாம் உங்க முகத்தையேதான் பாத்துட்டு இருந்தேன்" என்றாள் மகள். "இன்னிக்குச் சொல்லிடுவாரு, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு."