சபீனா திருப்பிக் கொடுத்த பாஸ்போர்ட்

என் சித்தி வீட்டில் சித்தி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். இதை மறந்து வகுப்பில் ஒருமுறை "சித்தி" என்று கூப்பிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. குன்னத்தில் எங்கள் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு அவர்தான் வரலாறு எடுத்தார். காலனி நாடுகள் விடுதலை பெற்ற பாடம் வந்த அன்று, அவர் ஆப்பிரிக்க நாடுகளின் பெயர்களைச் சொல்லச் சொல்ல நாங்கள் கொட்டாவி விட்டோம். சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் ஏதாவது புதிதாகச் செய்வார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

விளையாட்டு சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூளோடு அவர் வந்தார். சுண்ணாம்புக்கல் வெட்டும் எங்கள் பக்கம் சுண்ணாம்புக்குப் பஞ்சமா என்ன!

"யார் எங்க உக்காந்திருக்கான்னு பாக்காதீங்க சார். உங்க இஷ்டத்துக்கு நடுவுல ஒரு கோடு போடுங்க" என்றார் சித்தி.

சார் போட்டுவிட்டுப் போய்விட்டார். வாசலும் தண்ணீர்க் குடமும் எங்கள் பக்கம் வந்தன. மின்விசிறி ஸ்விட்சுகள் அந்தப் பக்கம் போயின. ஆளும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

"வெள்ளைக்காரன் பல எடத்துல இப்படித்தான் கோட்டைப் போட்டுட்டுக் கெளம்பிட்டான். இப்ப நீங்க ரெண்டு நாடு. தாண்டணும்னா பாஸ்போர்ட் வேணும். பெல் அடிக்கிறப்ப எந்தப் பக்கம் ஆள் கம்மியோ, அவங்க ஆப்பிரிக்கா மேப் வரைஞ்சுட்டு வரணும்."

தூக்கம் போன இடம் தெரியவில்லை. தாளைக் கிழித்து ஆளுக்கொரு பாஸ்போர்ட் செய்தோம். எங்கள் எல்லைக்கு அதிகாரியாக சபீனாவை நிறுத்தினோம். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி அவள். அப்பாவை அவள் அத்தா என்பாள். அவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தார். அவரை வழியனுப்பப் போய் விமான நிலையத்தை நேரில் பார்த்தவள் வகுப்பிலேயே அவள் ஒருத்திதான். அந்த மாதம் அக்காவுக்கு நிக்காஹ், அத்தா வருகிறார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

எதிர்ப்பக்கம் எடுத்த எடுப்பிலேயே எங்கள் தலைக்கு மேலிருந்த விசிறியை நிறுத்தியது. ஆனால் தாகம் யாரை விட்டது? குடத்தைத் தேடி ஒவ்வொருத்தியாக வரத் தொடங்கினார்கள். என் மூளை சும்மா இருக்குமா?

"சபீனா, வர்றவளுங்க பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்க. திருப்பித் தராத. அவளுங்க போக முடியாது, நம்ம ஆளாயிடுவாளுங்க."

சபீனா முதலில் வந்தவளின் தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் தண்ணீர் குடித்து முடித்ததும் அதை அவள் கையிலேயே வைத்தாள். அடுத்தவளுக்கும் அப்படியே.

"ஏன்டி குடுக்குற?"

"அது அவளோடதுடி."

"விளையாட்டுக்குத்தானேடி!"

"விளையாட்டுக்குக்கூட வேணாம்."

பெல் அடித்தது. தோற்றோம். சித்தி சபீனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ மட்டும் மேப் வரைய வேணாம்மா" என்றார். தோற்க வைத்தவளுக்குச் சலுகையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் மதியம் அவளே அத்தா அனுப்பிய கலர் பென்சில் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஆப்பிரிக்காவுக்கு இருவருமாக வண்ணம் அடித்தோம். என் கோபம் பறந்துவிட்டது. அவளிடம் எனக்கு என்றைக்கும் கோபம் நின்றதில்லை.

"அத்தா என்னைக்குடி வராங்க?"

"வரலடி. பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சுக்கிட்டாராம். கேட்டா தர மாட்டேங்குறாராம்."

எங்கள் வீட்டில் முக்கியமான எதுவானாலும் அப்பா வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

"கவலப்படாதடி. அவரு பத்திரமாத்தான் வச்சிருப்பாரு" என்றேன்.

சபீனா பென்சிலை அழுத்திப் பிடித்துக் கடலுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியில் நான் அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்து நெய்ச்சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தேன்.