ஏழாம் நாற்காலியில் வந்த குளிர்

அன்று காலை ஜெலுத்தோங் டயாலிசிஸ் நிலையத்தில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், தாதி அக்கா இருந்தார். அம்மா தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தார். ஏழாம் நாற்காலியில் வழக்கமாக உட்காரும் சீனப் பெரியவர் இல்லை. முந்தின வாரம் இறந்துபோயிருந்தார். அந்த நாற்காலி அப்பாவுக்கு வந்தது.

அப்பாவின் வலது மார்பிலிருந்து ஒரு குழாய் வெளியே தொங்கும். உள்ளே அது தோலுக்கடியில் ஏறி, கழுத்தின் இரத்த நாளத்தில் நுழைந்து, இதயத்தின் மேலறை வரை போகிறது. வெளியே இரண்டு முனைகள். சிவப்பு முனை இரத்தத்தை இழுக்கும், நீலம் சுத்தம் செய்ததைத் திருப்பிக் கொடுக்கும். உள்ளே சிவப்பின் வாய் நீலத்தின் வாய்க்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இல்லாவிட்டால் சுத்தமான இரத்தத்தையே மறுபடி இழுத்துவிடும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால், வீட்டில் இதை விளக்கியதும் நான்தான்.

இயந்திரம் ஓடி அரை மணி நேரத்தில் அப்பாவின் பற்கள் அடித்துக்கொண்டன. நாற்காலியே ஆடியது. வீட்டுக்குப் போனதும் ஒன்றுமில்லை. சோறு சாப்பிட்டார், செய்தி பார்த்தார். இரண்டு நாள் கழித்து அதே நாற்காலி, அதே அரை மணி, அதே குளிர்.

"அந்தப் பெரியவரு இன்னும் எந்திரிக்கலடா," என்றார் அப்பா, தணிந்த குரலில். "நான் அவரு மடியிலதான் உக்காந்திருக்கேன்."

இதை எப்படித் தாதியிடம் சொல்வது? "அக்கா, ஏர்கோன் காத்து நேரா அடிக்குது. வேற எடம் கிடைக்குமா?" என்றேன்.

"இந்த நடுக்கம் ஏர்கோன்னாலதானா?"

"ஆமாக்கா."

"சரிலா தம்பி. அடுத்த தடவ ஜன்னல் பக்கம் போடறேன். அங்க வேர்த்துச்சுன்னா என்கிட்ட வரக்கூடாது."

ஜன்னலருகே நல்ல வெயில். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி ஆனதும் அப்பாவின் விரல்கள் துடிக்கத் தொடங்கின. இடம் மாறியதைத் தெரிந்துகொண்டு ஏதோ ஒன்று எங்களைத் தேடி வந்ததுபோல் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஓடிப்போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்: ஏர்கோன் இல்லை, மூன்று தடவையும் இயந்திரம் ஓடி அரை மணியில்தான் குளிர் வருகிறது என்று. அவர் காய்ச்சல் பார்த்தார். இயந்திரத்தை உடனே நிறுத்தினார்.

"மூணு தடவையா? ஏன் தம்பி சொல்லல?"

மருத்துவமனையில் சொன்னார்கள்: கிருமி குழாயின் உட்சுவரில் ஒட்டிக் குடியிருக்கிறது. மற்ற நேரம் அசையாது. இயந்திரம் ஓடும்போது கழன்று நேராக இதயத்துக்குள் போகிறது. நாங்கள் அந்தக் குளிரை அப்பாவின் மார்பிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவந்திருக்கிறோம்.

குழாயை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இழுத்ததும் அது வரவில்லை. தோலுக்கடியில், குழாய் நழுவாமலிருக்க அதைச் சுற்றி வைத்திருந்த சிறு துணிப்பட்டையைச் சதை வளர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. வெட்டித்தான் விடுவித்தார்கள்.

அப்பா பிழைத்தார். தனியார் மருத்துவமனை என்பதால் பழையதை எடுத்து, இரண்டு வாரம் ஊசி போட்டு, இடப்பக்கம் புதுக் குழாய் வைக்க ஒன்பதாயிரத்து அறுநூறு வெள்ளி செலவானது.