செபாஸ்டின் தோணி ஏறிய காலை

செபாஸ்டினுக்கு வயது நாற்பத்தாறு. தூத்துக்குடிக் கரையில் தோணிகளுக்குப் பாய் தைப்பது அவர் தொழில். பதினாலு வயதில் ஊசி பிடித்தவர். ஒரு தோணியிலும் ஏறிப் போனதில்லை. பாய் விரித்த தோணி முயல்தீவைத் தாண்டும் வரைக்கும் கரையில் நின்று பார்ப்பார். அதற்கு அப்பால் நடுக்கடலில் முழுக்காற்றும் நிறைந்தால் தம்முடைய பாய் எப்படி இருக்குமோ, அது தோணிக்காரருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

உலகச் சண்டை முடிந்த மறுவருசம் மாசி மாதம், தண்டல் லாசர் மச்சாது ஆளனுப்பினார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். துணிக்குத் தட்டுப்பாடான காலம். அவர் தோணியின் பெரிய பாய், பழந்துணிகளை ஒட்டுப்போட்டுச் செபாஸ்டினே தைத்தது. வழியில் கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும், கொழும்பு வரைக்கும் கூட வாரீரா என்று தண்டல் கேட்டார். செபாஸ்டின் வாயைத் திறக்கும் முன்னே தலை ஆடிவிட்டது. நேரே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தார்.

அவர் வருமுன்னே சேதி தெருவுக்கு வந்துவிட்டது.

கொழும்புக்கு ஒருவன் போகிறான் என்று தெரிந்தால் நம் சனங்களுக்கு அங்கே இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் ஒரே நாளில் ஞாபகம் வந்துவிடும். தபாலில் அனுப்பினால் தீர்வை கட்டவேண்டும், கையில் கொடுத்தால் ஒன்றுமில்லை. அதிலும், திடமாக முடியாது என்று சொல்கிறவனிடம் யாரும் கொடுப்பதில்லை. ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். செபாஸ்டினை எல்லாரும் நன்றாகப் பார்த்து வைத்திருந்தார்கள்.

எதிர்வீட்டு ஜீவமணி ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். உப்பளத்துக் கங்காணியின் மனைவி சலேத்தம்மாள் ஒரு தகரடின். பெரிய தெரு மோட்சம்மாள் ஒரு ஓலைக்கொட்டான். கனமே இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கனம் கூடக்கூட அவர்கள் சொல்லும் ஆசீர்வாதமும் நீண்டுகொண்டே போனதைச் செபாஸ்டின் கவனித்தார். கொட்டானைக் கொடுத்த மோட்சம்மாள் அவர் பேரன் பேத்திகள் வரைக்கும் வாழ்த்தினாள். அவருக்குப் பிள்ளையே இல்லை.

இந்த மூவரும் ஒரே மாதிரி இன்னொன்றும் சொன்னார்கள். விலாசம் உள்ளே சீட்டில் இருக்கிறது, கொழும்பில் போய்ப் பார்த்தால் போதும், இங்கே யாரிடமும் மூச்சு விடவேண்டாம். செபாஸ்டினும் மூச்சு விடவில்லை.

மூன்று நாளில் பதினாலு உருப்படி சேர்ந்தது. கருவாடு, கருப்பட்டி, ஊறுகாய், ஒரு உரல் உலக்கையில் உலக்கை மட்டும். அவர் மனைவி சூசையம்மாள் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் நின்றாள்.

"தோணியில பாய் தைக்கப் போறீங்களா, கடை போடப் போறீங்களா?" என்று கேட்டாள்.

பாவம், ஆசையாய்க் கொடுக்கிறார்கள் என்றார் செபாஸ்டின்.

புறப்படுகிற அன்று விடிந்ததும் தள்ளுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, தோணிகள் அணையும் தோணிப்பாலத்துக்குப் போனார். சந்தோசத்தில் கால் தரையில் பாவவில்லை. வாடைக்காற்று நல்ல பதமாய் அடித்தது. தண்டல் வண்டியைப் பார்த்தார். பிறகு செபாஸ்டினைப் பார்த்தார்.

"ஆளுக்கு ஒரு பெட்டி. இதைக் கொண்டுபோனா வியாபாரச் சரக்குன்னு கொழும்புச் சுங்கத்துல தோணியையே நிறுத்திப்போடுவான். பாய் ஏத்துறதுக்குள்ள ஒரு பெட்டியா ஆக்கும். இல்லைன்னா நீரு இங்கனயே நில்லும்."

பாய் ஏற்ற அரைமணி நேரம்கூட இல்லை. செபாஸ்டின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எதை விடுவது? ஒன்றை விட்டால் ஒரு வீட்டோடு பேச்சு வார்த்தை போகும். ஒன்றையும் விடாவிட்டால் தோணி போகும். முப்பத்திரண்டு வருசம் காத்திருந்த தோணி.

கொடுத்தவர்கள் எல்லாரும் பாலத்தில்தான் நின்றார்கள். செபாஸ்டினை வழியனுப்ப வந்ததாகச் சொன்னார்கள். கண் எல்லாம் வண்டியில் இருந்தது. தண்டல் சொன்னதைக் கேட்டதும் ஒவ்வொருவரும் அடுத்தவர் சாமானைக் காட்டி அதை எடுத்துவிடலாமே என்றார்கள். உலக்கை கொடுத்தவரே, ஊறுகாய் எல்லாம் கொழும்பில் கிடைக்காதா என்று கேட்டார்.

செபாஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரே விலாசத்துக்குப் போகிறவற்றை ஒன்றாகக் கட்டினால் இடம் மிச்சமாகும் என்று அவருக்கு ஒரு யோசனை. மூன்றாவது வகுப்புப் படிப்பு. எழுத்துக்கூட்டி, வாய்விட்டுத்தான் படிக்க வரும். பொட்டலத்துச் சீட்டை எடுத்துப் படித்தார். "புறக்கோட்டை அரிசிக் கிட்டங்கியில் கணக்கு எழுதும் தம்பி கிருபாநிதிக்கு, எங்கள் மகள் தன் கையால் சுட்ட முறுக்கு." தகரடின் சீட்டைப் படித்தார். அதே கிட்டங்கி, அதே கிருபாநிதி, மகள் கையால் சுட்ட அதிரசம். கொட்டானிலும் அதே தம்பிதான். முந்திரிக்கொத்து.

செபாஸ்டினுக்கு ஒரே ஆனந்தம். மாதாவே வழி காட்டிவிட்டாள் என்று நினைத்தார்.

"மூணும் ஒரே தம்பிக்குத்தானே. ஒரே டின்னுல போட்டு, மூணு பேரும் குடுத்ததுன்னு சொல்லிருதேன்," என்றார்.

ஜீவமணி சலேத்தம்மாளைப் பார்த்தாள். சலேத்தம்மாள் மோட்சம்மாளைப் பார்த்தாள். மூவரும் போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றவர்கள்.

"அந்தப் பொட்டலம் எங்க வீட்டுதே இல்ல," என்றாள் ஜீவமணி.

"எனக்கென்ன, கொழும்புல யாரைத் தெரியும்?" என்றாள் சலேத்தம்மாள்.

மோட்சம்மாளைக் காணவே காணோம்.

செபாஸ்டினுக்கு விளங்கவில்லை. அடுத்த மூட்டையின் சீட்டை எடுத்து எழுத்துக்கூட்டினார். "அன்புள்ள மைத்துனருக்கு, நம்ம அண்ணன் செய்த காரியத்தை…" அவ்வளவுதான் படித்தார். ஒரு கை வந்து மூட்டையைப் பறித்தது. தபாலிலேயே அனுப்பிக்கொள்கிறேன் என்றது ஒரு குரல். அவர் அடுத்ததைத் தொடுமுன்னே நாலு கை நீண்டது. உலக்கையில் சீட்டே கிடையாது. இருந்தும் அதன் சொந்தக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கால்மணியில் வண்டி காலி. அவருடைய பெட்டியும், ஊசிப்பையும், ஆளில்லாத பலகாரம் மூன்றும்தான் மிச்சம்.

கூட வந்திருந்த சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"உடையவங்க இல்லாத சாமான் தோணிக்குச் சேரும். ஏறும்வே," என்றார் தண்டல்.

செபாஸ்டின் ஏறினார். கயிறு அவிழ்ந்தது. முயல்தீவு பக்கவாட்டில் வந்தது, பின்னுக்குப் போனது. கரை ஒரு கோடாகித் தேய்ந்தபோது காற்று ஒரே மூச்சாக வந்து பெரிய பாயில் இறங்கியது. ஒட்டுப்போட்ட துணி, வெள்ளையும் பழுப்புமாய், பொம்மென்று நிறைந்து எழுந்து நின்றது. ஒரு தையல் விடவில்லை. செபாஸ்டின் அண்ணாந்தபடி வாயைத் திறந்தார், மூட மறந்துபோனார்.

தண்டல் அதிரசம் ஒன்றை அவர் கையில் வைத்தார். யாருக்கோ ஆசையாய்ச் சுட்டது, தின்றால் பாவமாகாதா என்று செபாஸ்டின் தயங்கினார். பாலத்தில் நடந்தது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. பிறகு, அந்த மூன்று பெண்பிள்ளைகளுக்கும் கிருபாநிதியைவிட நல்ல மாப்பிள்ளைகளாகக் கொடும் ஆண்டவரே என்று கண்ணை மூடி மன்றாடினார். ஆளுக்கு ஒருவராக, மூன்று பேர் என்று திருத்தமாகவே கேட்டார். கேட்டுவிட்டுக் கடித்தார். நல்ல பாகு.