கணபதி சார் வீட்டுப் பாசி

வாசல், புறவாசல், கிணற்றடி, மொட்டைமாடி எதுவானாலும் ஆசிட் ஊற்றாமல் கழுவிக் கொடுப்பது என் தொழில். "தேய்க்கிறதுக்கு ஒரு கூலியா?" என்று கேட்பவர்கள் ஒருநாள் குனிந்து பார்க்கட்டும். ஆசிட் ஊற்றினால் பாசி போகும். பக்கத்துச் செடியும் போகும், கிணற்றுத் தண்ணீரும் போகும். இதைப் புரியவைப்பதற்குள் நம் தொண்டை போகும். தரை தேய்த்து இடுப்பைத் தொலைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் ஒரே ஒரு வீட்டில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

சம்பந்தியம்மாள் விழுந்த இடம்

கணபதி சார் ரிட்டயரான டிராயிங் மாஸ்டர். அவர் வீட்டுப் புறவாசல் முழுக்கப் பாசி. முந்தின ஐப்பசி மழையில் அவருடைய சம்பந்தியம்மாள் அங்கே கால் கழுவப் போய், வழுக்கி, கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து பஸ் ஏறிச் சேரன்மகாதேவிக்குப் போனவள்தான். பேச்சுவார்த்தை நின்றது. தன் மருமகளை, அதாவது சாருடைய மகளை, தாய்வீட்டுக்கு அனுப்புவதும் நின்றது. இப்போது அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் வருகிறாள். வந்து பார்த்து மனசு ஆறினால்தான் மகள் பேறுகாலத்துக்கு வருவாள்.

சார் ஆசிட் வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவி ஆவுடையம்மாள் அதைப் பிடுங்கி ஒளித்துவிட்டு எனக்கு ஆள் விட்டாள். கிணற்றை ஒட்டி அவளுடைய கறிவேப்பிலை மரம். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பாசி போவணும். மரத்துல ஒரு இலை வாடக்கூடாது. வாடிச்சு, அண்ணாச்சி, தாளிக்கதுக்கு உங்களத்தான் கிள்ளிப் போடுவேன்."

டவுன் பஸ்ஸில் சாம்பல்

பாசிக்கு முதல் மருந்து சாம்பல். ஊரில் சாம்பல் ஏது? வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு. சீவலப்பேரிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் உமிச்சாம்பல் கிடைத்தது. நானும் என் கூட்டாளி இசக்கியும் போனோம். "சாக்கு வாயை இறுக்கிக் கட்டுலே" என்றேன். இறுக்கித்தான் கட்டினான். சாக்கின் விலாவில் கிழிசல் இருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. ஆற்றுக் காற்று வேறு. ஊர் வருவதற்குள் உள்ளே கறுப்புத் தலை ஒன்றுகூட இல்லை. காலேஜ் பையன்கள் கிழவன்களாக இறங்கிப் போனார்கள். கண்டக்டர் தலையைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்: "ஏறும்போது நீரு ஒருத்தருதான் கிழவரு. இப்ப பாரும்வே, பஸ்ஸே முதியோர் இல்லமாயிட்டு."

நக்கியவர்கள்

மிச்சமிருந்த சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தோம். பாசி விட்டது. அடுத்தது வாசல் பக்கம். இரும்பு டிரம் நின்ற இடத்தில் வட்டமாகத் துருக்கறை. துருவுக்குப் புளியும் உப்பும். கெட்டியாகக் கரைத்துத் தடவி ஊறவிட வேண்டும். மரம் அந்தப் பக்கம் இல்லாததால் உப்புக்குப் பயமில்லை. ஊறட்டும் என்று டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் தெருவிலுள்ள ஆடெல்லாம் வாசலில். முட்டி மோதிக்கொண்டு நக்குகின்றன. புளி இல்லை, உப்பு இல்லை, பார்த்தால் கறையும் இல்லை. நான் குச்சியை எடுத்தேன். கணபதி சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "விரட்டாதேயும்வே. உம்ம விட நல்லாத் தேய்க்குதுக. எதுத்துப் பேச்சும் கிடையாது."

நுரை

கடைசிக் கழுவலுக்குப் பூந்திக்கொட்டை. ஊறவைத்துக் கசக்கினால் சோப்பு மாதிரி நுரை வரும். ஒரு வாளிக்கு ஒரு கை போதும். இசக்கி ஒரு படி போட்டுவிட்டான். கேட்டால், "கூடப் போட்டா கூடச் சுத்தம்லா?" என்கிறான். நுரை புறவாசலை நிரப்பி, சந்து வழியாகத் தெருவுக்கு இறங்கியது.

தெருவில் ஒரு ஆள் தன் எருமையை அதில் நிறுத்திக் குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டார். முதுகு, கொம்பு, வால் ஒன்று பாக்கியில்லை. முடித்துவிட்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்: "அண்ணாச்சி, நாளைக்கு எத்தன மணிக்கு நுரை விடுவிய? வீட்டுல இன்னொண்ணு கட்டிக் கிடக்கு."

பல்

அந்த நுரையில் நான் விழுந்தேன். எப்படி என்று கேட்க வேண்டாம். கணபதி சார் கை கொடுத்துத் தூக்குவார் என்று பார்த்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிறுத்தினார், என்னைப் பார்த்தார், மறுபடி சிரித்தார்.

ஆவுடையம்மாள் அடுக்களையிலிருந்து வந்து அந்தச் சிரிப்பை ஒரு பார்வை பார்த்தாள்: "அன்னைக்கும் இப்படித்தான சிரிச்சிய! அவுக பாசிக்கா கோவிச்சுக்கிட்டுப் போனாக? இந்தப் பல்லைப் பாத்துல்லா போனாக!"

ஞாயிற்றுக்கிழமை

தரை காய்ந்து சொரசொரவென்று கிடந்தது. மரத்தில் ஒரு இலை வாடவில்லை. சம்பந்தியம்மாள் வந்தாள். பெருவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்தாள். கிணற்றடி வரை நடந்தாள், திரும்பினாள். வழுக்கவில்லை. ஆனால் முகம் அப்படியே உர்ரென்று இருந்தது. "அப்ப நான் வாரேன்" என்று செருப்பைத் தேடினாள். ஆவுடையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கணபதி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். வேட்டியை இறுக்கினார். கிணற்றடிக்குப் போய், பின்னால் ஒருமுறை திரும்பி இடம் பார்த்துக்கொண்டு, தொப்பென்று விழுந்தார். காய்ந்த தரை. நான் கழுவிய தரை. அதில் விழ வேண்டுமென்றால் தனியாக முயற்சி வேண்டும்.

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "சம்பந்தி, நீங்க அன்னைக்குச் சிரிச்சதுல தப்பே இல்ல. அடக்க முடியாதுல்லா இது!" என்றாள். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். வெள்ளிக்கிழமை மருமகளைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாள். போகும்போது என்னைக் கண்ணால் காட்டி, ஆவுடையம்மாள் காதில் ஊர் கேட்கச் சொன்னாள்: "அடுத்த மட்டம் வேற ஆளை வச்சுக் கழுவுங்க மதினி. இங்கன இன்னும் வழுக்குது."

ஆசிட் இல்லாமல் எந்தத் தரையையும் சுத்தமாக்கிவிடலாம், நல்ல பெயரை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.