பட்டியிலிருந்து ரவை கழற்றிய காலம்

பட்டியாகக் கோர்த்து வரும் ரவையை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். எந்த ராணுவமோ வேண்டாமென்று விற்ற மெஷின்கன் ரவை. மான் வேட்டைத் துவக்குக்கும் அதே அளவு. லொங்குய் என்ற பிரெஞ்சு ஊரில் ஒரு வேட்டைச் சாமான் கடையின் நிலவறையில் குந்தி, ரவைகளைப் பிணைத்திருக்கும் இரும்புக் கொளுவிகளிலிருந்து கழற்றித் துடைத்து, கறளும் நெளிவும் உள்ளதை ஒதுக்கி, மிச்சத்தைப் பெட்டியில் அடுக்குவேன். பெருவிரல் மரத்துப்போகும். பெண்சாதியை ஊரில் விட்டுவிட்டு ஸ்பொன்சர் கடிதத்துக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களே, மற்றதெல்லாம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

முதல் நாள்

முதலாளி கஸ்தோன் நல்ல மனிதர். வேலை காட்டித் தர ஒரு பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மட்டக்களப்புச் சோதனைச் சாவடிகளில் அப்படித் தோளில் போட்டவர்கள் முன்னால் எத்தனை தரம் நின்றிருப்பேன்! என்னை அறியாமலே கை சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. அவர் அட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இது எதுக்கு? நேற்றே கொப்பி எடுத்திட்டனே.”

மதாம் லுசெத்

ஒரு ஒக்டோபர் மத்தியானம் மதாம் லுசெத் என்ற வயதான பெண் வந்தார். ஒன்றும் வாங்க வரவில்லை. ஒவ்வொரு வேட்டைக் காலத்திலும் அவருடைய கணவர் குசினி மேசையில் இருந்து இதே வேலையைச் செய்வாராம். வசந்தத்தில் இறந்துபோனார். “அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டிட்டுப் போகலாமோ?” என்றார்.

கதிரை போட்டுக் கொடுத்தேன். கோட்டைக் கழற்றாமலே கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஆள் முன்னால் இருக்கிறாரே என்று நான் விறுவிறுவென்று கழற்றினேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“கொஞ்சம் மெல்லக் கழட்டுங்க. அவர் இப்படி அவசரப்படமாட்டார்.”

டெலிபோனில்

என் பெண்சாதி தவமணியின் அண்ணன் துவக்குச் சூடுபட்டுச் செத்தவர். அவளிடம் ரவை என்ற சொல்லை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. என்ன வேலை என்று கேட்டபோது, ரவைக் கோதும் பித்தளைதானே என்று, “பித்தளைச் சாமான் துடைக்கிறன்” என்றேன். அவள் அதைக் கோயில் வேலை என்றே முடிவுகட்டிவிட்டாள். வேட்டைக்காரர் தந்த மான் இறைச்சியை அப்போது நான் மென்றுகொண்டிருந்தேன்.

“இஞ்ச பாருங்க, கோயில் வேலை எண்டா மீன் இறைச்சி தொடாதீங்க.”

சட்டைப்பை

ஐந்தாம் வருடம் அவள் வந்து சேர்ந்தாள். பக்கத்து ஊர் வில்லரேயில் இரண்டு அறை வீடு. வந்த மறு கிழமை என் சட்டையைத் தோய்க்க எடுத்தவள் பைக்குள்ளிருந்து ஒரு கொளுவியை எடுத்து மேசையில் வைத்தாள். அது என்னவென்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

“கழட்டினதைத் திரும்பக் கோர்ப்பாங்களா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“அப்ப கழட்டுங்க.”

ஐந்து வருடமாக நான் பயந்து மறைத்ததை அவள் ஒரு சட்டை தோய்க்கிற நேரத்தில் முடித்துவிட்டாள், நான்தான் அன்றிரவு அயர்ந்து நித்திரை கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் பிந்திப் போனேன்.